யாருடையது என்று சட்டம் கேட்காத இயந்திரம்

பின்பால் வரலாறு – பகுதி 9

நிலம் வாங்குகிறவர் மூலப்பத்திரத்தைக் கேட்பார். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பார். முப்பது ஆண்டுகளில் அந்த மண் யார் யார் கைக்கு மாறியது, எந்த வங்கியில் அடமானம் இருந்தது என்பதெல்லாம் ஒரு தாளில் வந்துவிடும். பழைய பின்பால் இயந்திரம் ஒன்றை வாங்கும் அமெரிக்கச் சேகரிப்பாளரும் இதே கேள்வியோடுதான் தொடங்குகிறார். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள பெட்டி; தன் காலத்தில் நூற்றுக்கணக்கான டாலர் விலை பெற்றது; சிகாகோ தொழிற்சாலையில் எண் குத்தி வெளியே அனுப்பப்பட்டது. ஆனாலும் அது யாரிடமிருந்து யாரிடம் வந்தது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இல்லை. கடைசி இரண்டு கைகளுக்கு அப்பால் தடம் அறுந்துவிடுகிறது. மதுக்கடைக்காரர்களும் இயந்திரத் தரகர்களும் கணக்கு எழுதாத கூட்டம், அதனால் இப்படி ஆயிற்று என்று பலரும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். இந்த விளக்கம் போதாது. கணக்கு இருந்தது, வரி இருந்தது, உரிமம் இருந்தது, அமெரிக்கக் கூட்டரசின் சட்டங்களே இருந்தன. அவை எல்லாம் பின்பால் பெட்டியைப் பார்த்து இரண்டே கேள்விகளைக் கேட்டன: எங்கே நிற்கிறது, சூதாட்டமா இல்லையா? உடைமையாளர் யார் என்று அவை கேட்கவே இல்லை. அதனால்தான் இன்று ஒரு பழைய இயந்திரத்தின் வரலாற்றை எழுத வருகிறவருக்கு இடமும் காலமும் அகப்படுகின்றன, ஆள் அகப்படுவதில்லை.

முதலில் தொழில் நடந்த விதத்தைப் பார்க்க வேண்டும். 1931இல் டேவிட் காட்லீப் 'பேஃபிள் பால்' பெட்டியை 17.50 டாலருக்கு விற்றபோது அதை ஒரு கடைக்காரரே வாங்கித் தன் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடிந்தது. அது மேசை மேல் வைக்கிற சிறு பெட்டி. மின்சாரம் கிடையாது, பழுதாக அதிகம் ஒன்றும் கிடையாது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் பெட்டிக்குக் கால் முளைத்தது, மின்கம்பி ஓடியது, 1947இல் ஹாரி மாப்ஸ் வடிவமைத்த 'ஹம்ப்டி டம்ப்டி'யோடு ஆறு ஃபிளிப்பர்களும் வந்து சேர்ந்தன. ரிலேக்களும் சுருள்களும் தொடுமுனைகளும் நிறைந்த அந்தப் பெட்டியைக் கவனித்துக்கொள்ள மதுக்கடைக்காரரால் ஆகாது. அந்த இடத்தில் ஆபரேட்டர் என்பவர் நிலைபெற்றார். இயந்திரத்தை வாங்குவது அவர்; கடையில் கொண்டுவந்து இறக்குவது, பழுது பார்ப்பது, காசுப் பெட்டியைத் திறந்து எண்ணுவது எல்லாம் அவர். வசூலில் பாதி கடைக்காரருக்கு, பாதி அவருக்கு என்பது பொது வழக்கம். ஆட்டக்காரர்களுக்கு ஒரு பெட்டி சலித்து வசூல் குறைந்ததும் அதைத் தூக்கி இன்னொரு கடைக்கு மாற்றிவிடுவார். கடைசியில் பழையதை விநியோகஸ்தரிடம் கொடுத்து அதன் விலையைக் கழித்துக்கொண்டு புதியது வாங்குவார். விநியோகஸ்தர் அதை மூன்றாம் ஆளுக்கு விற்பார். 'கேஷ் பாக்ஸ்' வார இதழ் பழைய இயந்திரங்களின் விலைப்பட்டியலை வெளியிட்டு வந்தது. அதில் மாதிரியின் பெயரும் விலையும் இருந்தன, தனிப்பட்ட எந்தப் பெட்டிக்கும் அங்கே இடமில்லை. ஒரே உடைமையாளரின் காலத்தில் பெட்டி நான்கு கடைகளில் நின்றிருக்கலாம். ஒரே கடையில் நிற்கும்போதே உடைமையாளர் மாறியும் இருக்கலாம். "இது எங்கள் ஊர் விடுதியில் இருபது வருஷம் இருந்த பெட்டி" என்று ஒருவர் சொல்வது முழு உண்மையாகவே இருந்தாலும், அந்த விடுதிக்காரர் ஒருநாளும் அதன் உடைமையாளராக இருந்திருக்க மாட்டார்.

இந்தப் பிளவைச் சட்டம் சரிசெய்திருக்கலாம். அது செய்தது வேறு. 1941ஆம் ஆண்டு வருவாய்ச் சட்டம் காசு போட்டு இயக்கும் கேளிக்கை இயந்திரங்களுக்கு ஆண்டுக்கு 10 டாலர் தனிவரி போட்டது. அந்த வரியை யார் மேல் போட்டது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தன் வசமுள்ள இடத்தில் அத்தகைய இயந்திரத்தை வைத்திருப்பவர், அல்லது வைக்க அனுமதிப்பவர் எவரோ அவரே வரி கட்ட வேண்டும் என்றது சட்டம். அதாவது கடைக்காரர். நடைமுறையில் பணத்தை ஆபரேட்டரே கொடுத்திருந்தாலும் தாளில் ஏறியது கடையின் பெயரும் முகவரியும். கட்டியதற்கு அடையாளமான வில்லை கடைக்கு உரியது, பெட்டிக்கு உரியதாகாது. ஒரு பெட்டி போய் இன்னொன்று வந்து நின்றாலும் அதே வில்லை செல்லும். பல நகரங்கள் தத்தம் உரிம ஒட்டுகளைத் தனியே தந்தன, அவையும் ஊரையும் ஆண்டையும்தான் சொல்கின்றன. இன்று ஒரு பெட்டியின் கண்ணாடி ஓரத்தில் பாதி உரிந்த நகராட்சி ஒட்டு ஒன்று கிடைத்தால் சேகரிப்பாளர் துள்ளிக் குதிக்கிறார், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அது அந்தப் பெட்டி அந்த ஆண்டு அந்த ஊரில் காசு வாங்கியது என்பதற்குத்தான் சான்று.

இரண்டாவது சட்டம் இன்னும் முக்கியமானது. பின்பால் வரலாற்றை எழுதியவர்கள் இதற்கு உரிய கவனம் தந்ததாகத் தெரியவில்லை. 1951இல் வந்த ஜான்சன் சட்டம் சூதாட்ட இயந்திரங்களை மாநில எல்லை தாண்டிக் கொண்டுசெல்வதைத் தடுத்தது. அதோடு நிற்கவில்லை. சூதாட்ட இயந்திரத்தைச் செய்கிறவரும் விற்கிறவரும் தலைமை வழக்கறிஞரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் வரிசையாக எண் இட வேண்டும். செய்தவர் பெயரையும் செய்த தேதியையும் அதன் மேல் பொறிக்க வேண்டும். வாங்கியதற்கும் விற்றதற்கும் பதிவேடு வைக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. ஒரு காசு இயந்திரத்தைக் கை கையாகப் பின்தொடரும் ஏற்பாடு அமெரிக்காவில் இருந்தது என்றால் அது இதுதான். சிகாகோவின் பின்பால் தயாரிப்பாளர்கள் இந்த வலைக்குள் விழாமலிருக்கத் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். ஃபிளிப்பர் உள்ள பெட்டி கைத்திறன் ஆட்டம், பாலி நிறுவனத்தின் பிங்கோ வகைப் பெட்டிகள் வேறு இனம் என்ற வேறுபாட்டை அவர்கள் பல ஆண்டுகள் வலியுறுத்தினார்கள். 1957இல் கோர்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆட்டத்தில் வென்றவருக்குப் பணம் கொடுத்துவந்த பின்பால் பெட்டிகள் 10 டாலர் வகைக்குள் அடங்காது, 250 டாலர் சூதாட்ட இயந்திர வரிக்கே உட்பட்டவை என்று தீர்ப்பளித்தபோது அந்த வேறுபாட்டின் விலை என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்தது. 1962இல் ஜான்சன் சட்டம் விரிவாக்கப்பட்டபோது, முதன்மையாகச் சூதாட்டத்துக்கென்று செய்யப்படாத, பணமோ பொருளோ தராத பின்பால் இயந்திரங்களுக்கு அதிலேயே வெளிப்படையான விலக்கு எழுதப்பட்டது. தொழிலுக்கு அது வெற்றி. ஆனால் விலக்குப் பெற்ற பெட்டி பதிவேட்டிலிருந்தும் விலக்கப்பட்டது. சூதாட்டப் பெட்டி என்ற பழியிலிருந்து தப்பித்த அதே வாசல் வழியாகவே அது ஆவணங்களிலிருந்தும் வெளியேறியது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. ஆபரேட்டர் என்பவர் சில்லறைக் காசில் பிழைக்கும் மனிதர். சட்டம் கேட்டிருந்தாலும் அவர் எழுதியிருக்க மாட்டார். சிகரெட் இயந்திரத்துக்கும் இசைப்பெட்டிக்கும் இதே கதிதானே, பின்பாலுக்கு மட்டும் சட்டத்தைக் குறை சொல்வது ஏன்? மறுப்பில் பாதி உண்மை. வசூலைக் குறைத்துக் காட்டும் ஆசை காசுத் தொழில் எல்லாவற்றுக்கும் உரியது. ஆனால் இசைப்பெட்டியை எடுத்துக்கொண்டு வாதிட்டால் அது எதிர்த் திசையில்தான் போகிறது. அதே ஆபரேட்டர், அதே மதுக்கடை, அதே சுவரை ஒட்டிப் பின்பாலுக்குப் பக்கத்தில் நின்ற இசைப்பெட்டி. 1976ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1978 முதல் அதற்கு ஆண்டுக்கு 8 டாலர் உரிமம் வேண்டியிருந்தது. அந்த விண்ணப்பத்தில் ஆபரேட்டரின் பெயர், முகவரி, இயந்திரத்தைச் செய்த நிறுவனம், தொடர் எண் நான்கும் கேட்கப்பட்டன. தரப்பட்ட சான்றிதழைப் பெட்டியின் மேலேயே ஒட்ட வேண்டும். எல்லோரும் ஒழுங்காகப் பதிவு செய்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆயினும் உடைமையாளர் பெயரையும் பெட்டி எண்ணையும் ஒரே தாளில் சேர்ப்பது நடக்கக்கூடிய காரியம் என்பதை அது காட்டிவிட்டது. பாட்டுக்கு உரிமைத்தொகை வாங்க வேண்டியவர்கள் இருந்தார்கள், அதனால் இசைப்பெட்டியின் உடைமையாளர் தேடப்பட்டார். பின்பாலில் அப்படித் தேட எவருக்கும் காரணம் இல்லை.

வேறொரு மறுப்பு கடன் பத்திரங்களைக் காட்டுகிறது. ஆபரேட்டர்கள் புதிய பெட்டிகளைத் தவணையில் வாங்கினார்கள். கடன் கொடுத்தவர் பொருளின் மேல் தமக்குள்ள உரிமையை அரசிடம் பதிவு செய்திருப்பாரே? செய்திருப்பார். 1950களிலிருந்து மாநிலம் மாநிலமாக ஏற்கப்பட்ட சீர்மை வணிகச் சட்டத்தில் அதற்கு வழி உண்டு. ஆனால் புதுப்பிக்காவிட்டால் ஐந்து ஆண்டில் அந்தப் பதிவின் செல்லுபடி முடிந்துவிடும். பெட்டி ஒன்றின் கடன் அதைவிட விரைவில் தீரும். தீர்ந்த கடனின் தாளைக் காத்துவைக்க ஒருவருக்கும் ஆர்வம் இருக்காது. தவிரவும் அந்தப் பதிவு கடனாளியின் பெயரில் இருப்பது. பெயர் தெரிந்தால் பெட்டியைத் தேடலாம். பெட்டியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பெயரைத் தேட அது உதவாது.

அப்படியானால் தொடர் எண்? ஆர்வலர்கள் அதிகம் நம்புவது இதைத்தான். பல்லாயிரக்கணக்கான எண்களைத் திரட்டிப் பட்டியலிட்டிருக்கிறார்கள். அந்த உழைப்புக்கு இந்தத் தொடரே கடன்பட்டிருக்கிறது. எண் சொல்வது என்ன என்பதில் மட்டும் கவனம் வேண்டும். அது பெட்டியின் பிறப்பைச் சொல்லும், பயணத்தைச் சொல்லாது. பிறப்பைச் சொல்வதிலும் தடைகள் இருக்கின்றன. மின்னணுக் காலத்துக்கு முந்திய பெட்டிகளில் எண் மரத்தில் குத்தப்பட்டது. வண்ணம் மேல் வண்ணம் பூசியதில் அது மறைந்துபோனவை ஏராளம். பின்கண்ணாடியைத் தாங்கும் தலைப்பெட்டியும் அடிப்பெட்டியும் கழற்றித் தனித்தனியே அடுக்கப்பட்டே பயணம் செய்கின்றன. கிடங்கில் ஒரே மாதிரிப் பெட்டிகள் நான்கு நின்றால் எந்தத் தலை எந்த உடலோடு சேர்கிறது என்று பார்க்க வேலையாளுக்கு நேரம் இருந்திருக்காது. இதைவிடப் பெரிய சிக்கல் போர்க்காலத்தில் நேர்ந்தது. 1942 முதல் தொழிற்சாலைகள் போர்த் தளவாடங்களுக்குத் திரும்பிவிட்டதால் புதிய பெட்டிகள் நின்றுபோயின. அப்போது ஹாரி வில்லியம்ஸும் லின் டூரண்டும் தொடங்கிய யுனைடெட் போன்ற நிறுவனங்கள் பழைய பெட்டிகளை எடுத்துப் புதுக் கண்ணாடி, புதுப் பெயர், புது ஓவியம் கொடுத்து மறுபடி சந்தைக்கு அனுப்பின. 1943இன் பெயரைத் தாங்கிய பெட்டிக்குள் 1940இன் மரமும் கம்பியும் வேறு நிறுவனத்தின் எண்ணும் இருக்கும். அதன் முதல் உடைமையாளர் யார்? பழைய பெட்டியை முதலில் வாங்கியவரா, மாற்றியமைத்த பின் வாங்கியவரா? இதற்கு விடை காண எந்த எண் பட்டியலும் போதாது. இரண்டு வரலாறுகள் ஒரே மரத்தில் தங்கியிருக்கின்றன என்று ஒப்புக்கொண்டு இரண்டையும் எழுதுவதே நேர்மை.

ஆள் தெரியாத இடத்தில் இடமும் காலமும் எவ்வளவு தெளிவாகத் தெரிகின்றன என்பதைப் பார்க்கும்போதுதான் இந்தத் துறையின் செழுமை புரிகிறது. காட்லீப் நிறுவனம் 1966இல் வெளியிட்ட 'சென்ட்ரல் பார்க்' பெட்டியும் அதே ஆண்டின் 'ஹர்டி கர்டி'யும் ஆட்டத்தில் உடன்பிறப்புகள். முதலாவது நல்ல புள்ளிகளுக்கு இலவச ஆட்டம் தரும். இரண்டாவது இலவச ஆட்டம் தராமல் நடக்கும் ஆட்டத்திலேயே இன்னொரு பந்தைத் தரும். காரணம் சட்டம். இலவச ஆட்டம் என்பதே ஒரு பரிசு, பரிசு இருந்தால் சூதாட்டம் என்று சில அமெரிக்க மாநிலங்களின் நீதிமன்றங்கள் கருதின. இத்தாலியும் அத்தகைய பெட்டியை ஏற்கவில்லை. அதற்கு மாற்றாக 1960இல் வேய்ன் நெயன்ஸ் வடிவமைத்த 'ஃபிளிப்பர்' பெட்டியோடு கூடுதல் பந்து முறையை காட்லீப் கொண்டுவந்தது. ஆகவே இன்று கலிபோர்னியாவில் ஒருவர் வீட்டில் 'ஹர்டி கர்டி' நின்றால், அது இலவச ஆட்டத்துக்கு இடமில்லாத ஏதோ ஒரு சட்ட எல்லைக்குள் உழைப்பதற்காகச் செய்யப்பட்டது என்று பெயரை மட்டும் வைத்தே சொல்லிவிடலாம். காசுக் கதவைத் திறந்தால் அடுத்த படி. துளை பத்து சென்டுக்கு அளந்ததா, லிராவுக்கா, பிராங்குக்கா, மார்க்குக்கா? மின்மாற்றியின் இணைப்பு 115 வோல்ட்டிலிருந்து 220க்கு மாற்றிப் பற்றவைக்கப்பட்டு, பிறகு மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவரப்பட்ட ஈயத் தடம் இருக்கிறதா? இருந்தால் அந்தப் பெட்டி அட்லாண்டிக்கை இருமுறை கடந்திருக்கிறது. இத்தாலி, பிரான்ஸ், ஜெர்மனிக்குப் போய் அங்கே ஓய்வுபெற்ற பெட்டிகளைச் சேகரிப்பாளர் சந்தைக்காகக் கப்பல் பெட்டகங்களில் திருப்பிக்கொண்டுவந்த வணிகம் பெரிய அளவில் நடந்தது. ஆட்டப்பலகையின் அடிப்புறத்தில் மூடியைக் கழற்றினால் ஆட்ட விதி அட்டைகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடைப்பதுண்டு: மேலே ஆங்கிலம், அடியில் இத்தாலியம். இடம் மாறிய வரிசையே அதில் இருக்கிறது.

மின்னணுக் காலத்துப் பெட்டிகள் வேறு வகையில் பேசுகின்றன. 1977க்குப் பின் ரிலேக்களின் இடத்தை நுண்செயலி பிடித்தபோது, பெரும்பாலான ஐ.சி. சில்லுகளின் முதுகில் நான்கு இலக்கக் குறி வந்தது; 7832 என்றால் 1978ஆம் ஆண்டின் 32ஆம் வாரம் என்று பொருள். பெட்டி 1979இல் செய்யப்பட்டதாகவும் பலகையில் 1984இன் சில்லு இருப்பதாகவும் வைத்துக்கொண்டால், 1984இலோ அதற்குப் பிறகோ யாரோ அதைச் செலவழித்துப் பழுது பார்த்திருக்கிறார் என்று தெரிகிறது. அதாவது அப்போதும் அது காசு ஈட்டிக்கொண்டிருந்தது, அல்லது ஒரு வீட்டின் அன்பைப் பெற்றிருந்தது. மின்கலத்தால் தாங்கப்பட்ட நினைவகத்தில் எத்தனை காசு விழுந்தது, எத்தனை ஆட்டம் நடந்தது என்ற கணக்கும் இருந்தது. ஆனால் மின்கலத்தை மாற்றும்போது அது அழிந்துவிடும். மாற்றாமல் விட்டாலோ காரம் கசிந்து பலகையையே தின்றுவிடும். பெட்டிகளின் உள்கணக்குகள் தப்பிப் பிழைக்காததற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. அதனால் பழைய பெட்டியைப் பிரித்துத் துப்புரவு செய்கிறவர்கள், உள்சுவரில் மெக்கானிக் பென்சிலால் எழுதிய தேதியையும் கிறுக்கலையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாமல் காப்பாற்ற வேண்டும் என்பது மிகைக் கோரிக்கை ஆகாது. வெளி ஓவியத்தைப் புதிதாக வரைந்துகொள்ள முடியும். அந்தப் பென்சில் வரி போனால் போனதுதான்.

இங்கே ஒருவர் கேட்கலாம்: கேட்டது உடைமை வரலாறு, நீங்கள் கொடுப்பது இட வரலாறு, கேள்வியையே மாற்றிவிட்டீர்களே? மாற்ற வேண்டியிருக்கிறது என்பதே என் நிலை. விற்கிறவர் சொல்லும் உடைமைக் கதை பெட்டியின் விலையோடு கட்டப்பட்டது. அதைச் சோதிக்க நமக்கு உள்ள ஒரே கருவி இடமும் காலமும்தான். 1975இல் வந்த 'டாமி' திரைப்படத்தில் காட்லீபின் 'பக்கரூ', 'கிங்ஸ் அண்ட் குயின்ஸ்' என்ற இரு 1965ஆம் ஆண்டுப் பெட்டிகள் தோன்றுகின்றன. 'பக்கரூ' 2,600 பெட்டிகள் செய்யப்பட்டது. அவற்றில் ஒன்றைக் காட்டி, படத்தில் நின்றது இதுவே என்று யாரும் சொல்லிவிட முடியும். அதை மறுக்க உடைமைத் தாள் கிடையாது. ஆனால் படம் எடுக்கப்பட்டது இங்கிலாந்தில். அமெரிக்க மின் இணைப்பு ஒருபோதும் தொடப்படாத, அமெரிக்கக் காசுத் துளைக்குப் பதிலாக வேறு துளை வந்த சுவடே இல்லாத ஒரு பெட்டிக்கு அந்தக் கதையைக் கட்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கதையைத்தான். பெட்டியின் உடல் ஒருவர் பெயரை நிரூபிக்காது. பொய்யான பெயரைத் தள்ளிவிட அது போதும், இந்தத் துறையில் அதுவே பெரிய உதவி.

உடைமையாளர் பெயர்கள் நமக்குத் தெளிவாகக் கிடைக்கத் தொடங்குவது பெட்டிகள் தொழிலைவிட்டு வீட்டுக்குள் நுழைந்த பிறகு. வீட்டுக்கு வாங்கியவர் ரசீதை வைத்துக்கொண்டார், புகைப்படம் எடுத்தார், விற்கும்போது வாங்கியவரின் பெயரைக் கேட்டுக்கொண்டார். 1992இல் வந்து 20,270 பெட்டிகள் விற்ற 'ஆடம்ஸ் ஃபேமிலி' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தொழிலில் உழைத்த ஆண்டுகளில் அதன் கைமாற்றங்களும் மறைந்தே போயின, வீட்டு வாழ்க்கையோ பெரும்பாலும் பெயர் பெயராகத் தொடரக்கூடியது. தொழிற்சாலையே உடைமையாளரைத் தெரிந்துகொள்ளும் நிலை இன்னும் பிந்தி வந்தது. ஸ்டெர்ன் நிறுவனம் 2021இல் தன் பெட்டிகளை இணையத்தோடு இணைக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது. பெட்டி ஒரு கணக்கில் பதிவாகிறது, அந்தக் கணக்கு ஒருவருடையது. பழைய ஆபரேட்டர்களை எந்தச் சட்டமும் கேட்காத கேள்வியைத் தயாரிப்பாளரே வாங்கியவரிடம் கேட்கும் காலம் இது. அந்தப் பதிவேடு ஒரு தனியார் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. காட்லீப் நிறுவனத்தை 1976இல் கொலம்பியா பிக்சர்ஸ் வாங்கியது, 1984இல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது, வில்லியம்ஸ் நிறுவனம் 1999இல் பின்பாலையே கைவிட்டது. நிறுவனங்கள் கைமாறியபோதும் மூடப்பட்டபோதும் அவற்றின் விற்பனைத் தாள்களுக்கு நேர்ந்ததை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)